அப்பாத்துரை சார்வாள் ஏலம் போன கதை

கிருபாபுரத்தில் அப்பாத்துரை சார்வாளைக் கேலி செய்ய யாருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. அந்த வேலையை அவரே முந்திக்கொண்டு முடித்துவிடுவார். தெருவில் எதிரே வருகிறவர் அவருடைய வயிற்றைப் பார்ப்பதற்கு முன்பே, "ஒதுங்கி நில்லும் வே, முதல்ல இது போவட்டும், பொறவு நான் வாரேன்" என்பார். பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்து ஒரு நாற்காலி முறிந்தபோது, நாற்காலியின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தலைமை வாத்தியாரிடம் சாட்சி சொன்னார். கோயிலில் அவர் பாட ஆரம்பித்தால் வெளியே படுத்திருக்கும் வண்டிமாடுகள் எழுந்து நின்றுவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதும் அவர்தான்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து மலையைப் பார்த்து மேற்கே நடந்தால், வயல்களைத் தாண்டி வரும் சின்ன ஊர் கிருபாபுரம். ஒரு வேதக்கோயில், அதை ஒட்டி மிஷன் பள்ளிக்கூடம், சுற்றிலும் பனைகள். சார்வாள் அங்கே கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தார். கணக்கில் அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. பூகோளத்தில் உண்டு. அதற்குக் காரணம் மலை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஓலைச் சாய்ப்புக்குக் கீழே, களிமண்ணால் அவர் ஒரு மலை செய்து வைத்திருந்தார். இடுப்பளவு உயரம். அதன்மேல் மூன்று கோடுகள் ஏறின. காவிக்கோடு விறகு வெட்டுகிறவர்கள் நேராக ஏறும் வழி, வலுத்த காலுக்கு. கரிக்கோடு தேன் எடுக்கிறவர்கள் சுற்றிக்கொண்டு ஏறும் வழி, நடுத்தரக் காலுக்கு. சுண்ணாம்புக்கோடு மாடு மேய்க்கிறவர்கள் மாட்டின் போக்கில் போகும் தடம். அது கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும், பிறகு தம்மைப் போன்ற வயிற்றுக்காரர்களுக்கும் என்று சார்வாள் விளக்குவார். மூன்று வழியும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். மழை ஓய்ந்த மாதங்களில் ஊரிலிருந்து பார்த்தால், மலைக்கு நடுவில் வெள்ளை நூலைத் தொங்கவிட்ட மாதிரி ஓர் அருவி தெரியும். ஊரார் அதை வெள்ளைக்கோடு என்பார்கள்.

"மலையில எல்லாக் காலுக்கும் வழி உண்டு வே. நமக்குத்தான் நடக்க மனசில்ல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சார்வாள் பிரம்பால் தொட்டுக் காட்டுவார். தாம் மலையேறுவதைப் பற்றி மட்டும் அவர் கேலி செய்துகொள்ளமாட்டார். ஏனென்றால் அந்த மலையில் அவர் ஏறியதே இல்லை.

இளவயதில் கூட்டாளிகளோடு அடிவாரம்வரை வண்டியில் போனது உண்மை. அவர்கள் ஏறினார்கள். இவருக்கு முதல் மேட்டில் நின்று கீழே பார்த்ததும் தலை சுற்றி, முழங்கால் இரண்டும் தம் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தன. மாட்டுக்குக் காவல் வேண்டாமா என்று சொல்லித் திரும்பிவந்து புளியமரத்தடியில் படுத்துக்கொண்டார். சாயங்காலம் எல்லோருமாக ஊருக்குள் வந்தபோது, "மலைக்குப் போயிட்டா வாரிய?" என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றார். அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு லீவுதோறும் நாங்குநேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, திரும்பிவந்து, "மலைப்பக்கம் போயிருந்தேன்" என்றார். நாங்குநேரியிலிருந்தும் மேற்கே மலை தெரியத்தான் செய்கிறது. வழிகளெல்லாம் சந்தைக்கு வரும் விறகுக்காரரிடமும் மாட்டுக்காரரிடமும் வெற்றிலை கொடுத்து விசாரித்துச் சேர்த்தவை. விசாரித்த அத்தனையும் சரி. நடந்த ஆள்தான் வேறு.

டெல்லியில் முடிசூட்டு தர்பார் நடந்து இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷம், அதற்குக் கொஞ்சம் முன்னால் அறுப்பின் பண்டிகை வந்தது. நம் சபைகளில் அன்றைக்கு அவரவர் வீட்டு விளைச்சலைக் கோயிலில் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். ஓர் எலுமிச்சம்பழத்துக்கு ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று விலையேற்றும். கையில் காசில்லாதவர்கள் நெல்லாலும் கோழியாலும் கேட்கலாம் என்பது கிருபாபுரத்து வழக்கம். கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் கூடாது, கேட்டதை மாற்றவும் கூடாது. ஆண்டவருக்குப் படைத்ததாயிற்றே.

சார்வாள் வருஷந்தோறும் ஒரு பூசணிக்காய் கொண்டுவருவார். தம் வயிற்றைப் பார்த்துப் பொறாமையில் பருத்தது என்று சொல்லி அவரே அதற்கு விலையேற்றுவார். அந்த வருஷம் பூசணிக்கொடியைப் பக்கத்து வீட்டு ஆடு வேரோடு தின்றுவிட்டது. வெறுங்கையோடு போய் நின்றார். ஏலம் விடுகிறவர் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் நேசையா. குரல் கணீரென்று இருக்கும், வாய் சும்மா இருக்காது.

"சார்வாள் இந்த வருசம் வயித்தை மட்டுந்தான் கொண்டாந்திருக்காவ" என்றார் நேசையா.

தம்மைக் கேலி செய்யும் உரிமையை இன்னொருவர் எடுத்துக்கொண்டதும் சார்வாளுக்குப் பொறுக்கவில்லை. யோசிக்காமல் முன்னே வந்து ஏல மேசைக்குப் பக்கத்தில், வாழைத்தாருக்கும் நெல்மூட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டார். "என்னையே தாரேன், ஏலம் விடும் வே. எடுக்கிற ஆளை வெள்ளைக்கோடு வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். எந்தக் காலா இருந்தாலும் சரி" என்றார்.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. நேசையாவும் விடவில்லை. "ஒரு வாத்தியார், கொஞ்சம் பழசு" என்று ஆரம்பித்தார். ஒருவர் தேங்காய் என்றார். இன்னொருவர் தேங்காயும் வெல்லமும் என்றார். தாம் ஒரு தேங்காய்க்குப் போனால் போதும், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சார்வாள் நிம்மதியாக நின்றிருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, "வெள்ளாட்டுக்குட்டி" என்று ஒரு குரல் கேட்டது.

கேட்டவள் கெசியா. வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்கிற வேதஸ்திரீ. புருஷன் இறந்து வெகுகாலமாகிறது, பிள்ளை இல்லை. வலது கால் யானைக்கால். அந்தக் காலை இழுத்துக்கொண்டே ஐந்தாறு ஊர்களுக்கு நடக்கிறவள். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த ஆட்டுக்குட்டிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நேசையா மூன்று தரம் சொல்லி முடித்தார்.

வீட்டுக்கு வந்த சார்வாள் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவி பாக்கியவதி சோற்றை வைத்துவிட்டு, "வெள்ளைக்கோட்டுக்கு நாங்குநேரி வழியாவா போவிய?" என்று கேட்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது. அன்றைக்குச் சார்வாள் இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை.

மறுநாள் கெசியாவின் வீட்டுக்குப் போனார். கோயிலிலிருந்து ஆட்டுக்குட்டியைத் தாம் மீட்டுக் கொடுப்பதாகவும், அடுத்த வருஷம் பூசணிக்காய் இரண்டாகப் படைத்து ஈடு செய்வதாகவும், மலையில் அட்டை கடிக்கும் என்பதையும் சுற்றிச் சுற்றிச் சொன்னார். கெசியா முழுக்கக் கேட்டாள்.

"கோயில்ல எடுத்த ஏலம், சார்வாள். மாத்த முடியாது" என்றாள். "பாளையங்கோட்டையில டாக்டரம்மாட்ட கேட்டேன். இந்தக் காலு இனிமே கூடத்தான் செய்யும், குறையாதுன்னுட்டாவ. அடுத்த வருசம் கோயிலுக்கு வந்தாலே பெருசு. காலையில கதவைத் திறந்தா அந்த அருவி எதிர்ல நிக்கி. கல்யாணமாகி வந்ததுலேருந்து நான்தான் அதைப் பாக்குதேன். அதுவும் ஒருதரம் என்னைப் பாக்கட்டும்."

 சார்வாள் தம் வாயை நாலு திட்டுத் திட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் புறப்பட்டார்கள். அடிவாரம்வரை வண்டி. அங்கிருந்து மாட்டுத்தடம். சோற்றுப்பானை சுமக்க என்று முத்துமாலை என்ற கூலியாளைச் சார்வாள் கூட்டிக்கொண்டார். வருஷந்தோறும் மலைக்கோயிலுக்கு நடந்துபோகிறவன், அதிகம் பேசமாட்டான். பானை அவன் தலையில், பானைக்குப் பின்னால் சார்வாள், சார்வாளின் தோளில் ஒரு கையும் கம்பில் ஒரு கையுமாகக் கெசியா. முத்துமாலை எந்தப் பக்கம் திரும்புகிறானோ அதைப் பார்த்துவிட்டு, "இங்கன திரும்பணும்" என்று சார்வாள் வழி சொன்னார்.

கெசியா பைய நடந்தாள். ஆனால் நிற்காமல் நடந்தாள். நின்றது சார்வாள்தான். மூச்சு வாங்கும்போதெல்லாம் பூகோளம் அவருக்குக் கைகொடுத்தது. ஒரு பாறையைக் காட்டி அது எந்தக் காலத்தில் உண்டானது என்றார். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றார். மூன்றாவது திருப்பத்தில் காட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தைப் பற்றி விளக்கம் சொன்னார். அது எதிர்த்திசையில் வெகுதூரத்தில் இருந்தது. கெசியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தடம் அவர் கேட்டு வைத்திருந்தபடியே வந்தது. ஏற்றம் எங்கே, ஊற்று எங்கே, நிழல் எங்கே, எல்லாம் சரி. களிமண் மலையில் சுண்ணாம்புக்கோடு இழுத்த கை பொய் சொல்லவில்லை என்று சார்வாளுக்கே கொஞ்சம் பெருமை வர ஆரம்பித்த நேரம், அந்தப் பாறை வந்தது.

அகலமான பாறைதான். ஒரு மாடு தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. சரிந்த பக்கம் கீழே மரங்களின் உச்சி தெரிந்தது, அதற்கும் கீழே எங்கேயோ தண்ணீர்ச் சத்தம். சந்தையில் இத்தனை பேரிடம் விசாரித்தாரே, ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரு விஷயமாகவே அவர்களுக்குப் பட்டிருக்காது. முத்துமாலை பானையோடு அதைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் புதருக்குள் மறைந்துபோனான். அருவி அதற்குப் பின்னால்தான். இரைச்சல் நன்றாகவே கேட்டது.

சார்வாளின் முழங்கால்கள் இளவயதில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. கண்ணை மூடினார், பாறை மனசுக்குள் இன்னும் சரிந்தது. கண்ணைத் திறந்தார், மரத்து உச்சிகள் அசைந்தன. ஒரு வார்த்தை அவருக்குத் தயாராக இருந்தது. "கெசியாக்கா, இது உங்க காலுக்கு ஆகாது. இங்கன நின்னு சத்தத்தைக் கேட்டுட்டுத் திரும்புவோம்." அவ்வளவுதான். அவள் நம்பிவிடுவாள். ஊரும் நம்பிவிடும். பழி ஒரு யானைக்காலின் மேல் போய்விடும், அது வாய் திறந்து மறுக்கப்போவதில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். கெசியா அவரைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தலைமுக்காட்டைக் கோயிலுக்குள் போகிறவளைப் போலச் சரிசெய்துகொண்டிருந்தாள். சார்வாளுக்கு வெட்கமாகிவிட்டது. சொல்லவிருந்ததைச் சொல்லவில்லை. ஆனால் வார்த்தை போனாலும் முழங்கால் நிற்கவேண்டுமே. அப்படியே பாறையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் உலகம் ஆடுவது கொஞ்சம் குறைந்தது. இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒரு சாண் நகர்ந்தார். விழவில்லை. இன்னொரு சாண் நகர்ந்தார். நாற்பத்தைந்து வயதில், மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார், தவழ ஆரம்பிப்பதற்கு முன்பு பிள்ளைகள் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தார். பின்னால் கம்பு பாறையில் படுகிற சத்தம் கேட்டது. கெசியாவும் உட்கார்ந்துவிட்டாள். கனத்த காலை இரண்டு கையாலும் எடுத்து முன்னே வைத்தாள், பிறகு உடம்பை நகர்த்தினாள்.

"இது நல்லாருக்கே, சார்வாள். காலுக்குப் பாரமே தெரியல" என்றாள். "மாட்டுத்தடத்துல இப்படித்தான் போவணுமா?"

"ம்" என்றார் சார்வாள். வாயைத் திறந்தால் வேறு சத்தம் வந்துவிடும் என்ற பயம்.

பாதிப் பாறையில் வேட்டி கிழிகிற சத்தம் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் மண்ணில் கை பட்டதும் அதைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். புதரிலிருந்து எட்டிப் பார்த்த முத்துமாலை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோறு ஆறுது என்று மட்டும் சொன்னான்.

வெள்ளைக்கோடு ஒரு கோயில் தூண் அளவுக்குத்தான் இருந்தது. விழுகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர். கெசியா யாருடைய தோளையும் கேட்காமல் அதில் இறங்கினாள். யானைக்காலைத் தூக்கி அருவிக்கு நேரே ஒரு கல்லில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அடித்துச் சிதறியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் கொஞ்சமாக, பிறகு நிறுத்த முடியாமல். பார்த்துக்கொண்டிருந்த சார்வாளுக்குக் கண் கலங்கியது. அதை அருவித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டார்.

"சின்னதாத்தான் இருக்கு" என்றாள் கெசியா, சேலையைப் பிழிந்துகொண்டே. "தூரத்துல நின்னு பாக்கும்போது பெருசா இருந்துச்சு."

"வாத்திமாரும் அப்படித்தான்" என்றார் சார்வாள். அன்றைக்குக் காலையிலிருந்து தம்மைப் பற்றி அவர் சொன்ன முதல் கேலி அது. திரும்பும்போதும் பாறையை உட்கார்ந்தே தாண்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில், நன்றி சொல்ல வேண்டும் என்று கெசியா எழுந்தாள். தடத்தைச் சொன்னாள், அருவியைச் சொன்னாள். பிறகு பாறையைச் சொன்னாள். "நான் எப்படித் தாண்டப் போறேன்னு நின்னேன். சார்வாள் எனக்கு முன்ன தரையில உக்காந்துட்டாவ. வேட்டி கிழிஞ்சதைக்கூடப் பாக்கல. அதைப் பாத்து நானும் உக்காந்தேன், போய்ச் சேந்தேன்."

பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பலவீனமானவர்களுக்காகத் தம்மைத் தாழ்த்திக்கொள்வதைப் பற்றிச் சிறிதாக ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். சார்வாளுக்கு உட்கார்ந்திருந்த இடம் முள்ளாக இருந்தது. மலையேறாமல் இருபது வருஷம் வாங்கிய பெயரையாவது தாங்கிக்கொள்ளலாம். பயத்துக்குக் கிடைத்த இந்தப் பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது. எழுந்து நின்றார்.

"சபையார் மன்னிக்கணும். நான் கெசியாக்காவுக்காக உக்காரல. பயந்து உக்காந்தேன். முழங்காலு நிக்கல. அந்த மலையில அன்னைக்குத்தான் முதமுதல்ல ஏறுதேன். லீவுல மலைப்பக்கம் போனேன், போனேன்னு சொன்னதெல்லாம் நாங்குநேரியில தங்கச்சி வீட்ல சோறு தின்னது."

 சிரிப்பை முதலில் நேசையா ஆரம்பித்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். சபை முழுவதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "தங்கச்சி வீட்ல சோறாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சார்வாள், நெசமாத்தான் சொல்லுதேன் என்று கையை நீட்டினார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். குருவானவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, புகழைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷர் என்று சொல்லி ஆசீர்வாதம் கூறி முடித்தார். சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தவள் பாக்கியவதி ஒருத்திதான்.

எல்லோரும் போனபின் சார்வாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனார். வாழ்நாளெல்லாம் தம்மைக் கேலி செய்தே காலத்தை ஓட்டிய மனுஷன், ஒருநாள் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று தம்மையே நொந்துகொண்டார். மஞ்சளைக் குழைத்து, களிமண் மலையில் சுண்ணாம்புக்கோட்டில் அந்தப் பாறை வரவேண்டிய இடத்தில் நாலாவதாக ஒரு சின்னக் கோடு போட்டார். கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. கெசியா வந்து நின்றாள்.

"இது யாருக்கு, சார்வாள்?"

"உக்காந்து போறவுகளுக்கு" என்றார். "கோயில்ல நான் சொன்னது நெசம், கெசியாக்கா."

"தெரியும்."

சார்வாள் நிமிர்ந்தார். "பாறையில வச்சே தெரியுமா?"

"ஏலம் எடுக்கதுக்கு முன்னாலேயே தெரியும். பாளையங்கோட்டையில வருசக் கூட்டத்துக்கு நாங்குநேரி வேதஸ்திரீ சாலோமி வருவா. லீவு விட்டா உங்க சார்வாள் இங்கன வந்துருதாவன்னு சொல்லுவா."

"பொறவு இருந்த ஒரு குட்டியையும் குடுத்து என்னை ஏன் எடுத்திய?"

கெசியா கனத்த காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, கம்பில் சாய்ந்துகொண்டாள்.

"மலையேறிப் பழகுன ஆளுக கூட்டிட்டுப் போறோம்னு சொல்லாமல்லாம் இல்ல, சார்வாள். ஆனா அவுக காலு சும்மா நிக்காது. நாலு எட்டு முன்ன போயிட்டு, இன்னும் வரலியான்னு திரும்பிப் பாப்பாவ. இந்தக் காலு வந்த நாளா அந்தத் திரும்பிப் பாக்குற மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மலைக்கே போகாத ஆளுதான் என்கூடவே நடப்பாவன்னு நினைச்சேன். நடந்திய."

சார்வாள் வாயைத் திறந்தார். தம் வயிற்றைப் பற்றியோ முழங்காலைப் பற்றியோ வேடிக்கையாக ஏதாவது வரும் என்றுதான் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். கெசியா கையை வைத்தாள். இருவரும் பைய ஊருக்குள் நடந்தார்கள்.